தண்ணிக்குள்ள வர்ற மினாதோ ஆவியா, பிரமையா?

நீங்க கேட்டிருக்கறது பாக்கறதுக்கு ஒரு அனிமே படத்தைப் பத்தின கேள்வி. 'ரைட் யுவர் வேவ்' படத்துல ஹினாகோ அந்தப் பாட்டைப் பாடினா தண்ணிக்குள்ள செத்துப்போன அவ காதலன் மினாதோ வர்றானே, அவன் நிஜமாவே ஆவியா, இல்ல அந்தப் பொண்ணுக்குத் துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சா, இதை மனநோய்னு சொல்லலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா அதுக்கு அடியில போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, ஃப்ரெண்டு போய் எட்டு மாசம் ஆச்சு, இன்னும் தினமும் ராத்திரி அவன் நம்பருக்கு வாட்ஸ்அப்ல குட்நைட் அனுப்பிட்டுதான் தூங்கறேன், ஒத்தை டிக்தான் விழுதுன்னு, எனக்கென்னவோ நீங்க கேக்க வந்தது அதைத்தான்னு படுது. போனவங்ககூட பேசிட்டே இருக்கறது தப்பா, நமக்கு ஏதோ ஆகிட்டிருக்கான்னு. ரெண்டுக்குமே பதில் சொல்றேன், படத்துல ஆரம்பிச்சு. முழுக்கதையும் வரும், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, ஒன்றரை மணி நேரப் படம்தான்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்ளோ நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். நான் டாக்டர் இல்ல, மருந்து எழுதற ஆளு இல்ல. சோஷியல் வொர்க் படிச்சு முடிச்ச கையோட 2005 ஜனவரியில நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களுக்குப் போனேன், சுனாமி வந்து மூணு வாரம்கூட ஆகல, அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல சாவு. பக்கத்துல உக்காந்து காது கொடுத்துக் கேக்கறதுக்குன்னே கொஞ்ச நாள் டிரெய்னிங் கொடுத்து அனுப்பினாங்க. அங்க ஆரம்பிச்சது, அப்புறம் கேன்சர்ல போனவங்களோட குடும்பங்க, ஆக்சிடெண்ட்ல புள்ளைய இழந்தவங்கன்னு இருபது வருஷமா இதே வேலைதான். அனிமே விஷயத்துல நான் கத்துக்குட்டி, காலேஜ் போற என் பொண்ணு போட்டுக் காட்டறதைப் பாக்கறவ. அதனால படத்தோட டெக்னிக்கல் விஷயத்துல என்னைவிட விவரமானவங்க நிறைய பேர் இருப்பாங்க, துக்கம்னு வர்றப்ப மட்டும் கொஞ்சம் தைரியமா பேசுவேன்.

படம் 2019ல வந்தது, டைரக்டர் மசாக்கி யுவாசா, திரைக்கதை ரெய்கோ யோஷிதா. ஜப்பான்ல சிபா பக்கம் கடற்கரை. ஹினாகோ கடல் சம்பந்தமா படிக்கறதுக்காக அங்க தனியா குடி வர்றா, அலையில போர்டை வச்சு நின்னான்னா ராணி, கரைக்கு வந்துட்டா எதுலயும் தன்மேல நம்பிக்கை கிடையாது, ஆம்லெட் ரைஸ்கூட ஒழுங்கா வராது. பக்கத்துக் கட்டடத்துல சில பசங்க திருட்டுத்தனமா விட்ட வாணவேடிக்கையில அவ அபார்ட்மெண்ட் தீப்பிடிச்சுடுது, மொட்டைமாடியில மாட்டிக்கிட்டவளை ஃபயர் சர்வீஸ்ல இருக்கற மினாதோ இறக்கிக் கொண்டுவர்றான். அவ அவனுக்கு சர்ஃபிங் சொல்லித்தர்றா, அவன் அவளுக்கு காபி போட்டுத்தர்றான், அவ்ளோதான், காதல். இந்தப் பகுதி முழுக்க ஜீரால ஊறின மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் 'பிராண்ட் நியூ ஸ்டோரி' பாட்டைப் பாடிக்கிட்டே இடையில சிரிப்பை அடக்க முடியாம வழியறதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்க, எனக்கு எரிச்சலே வந்துடுச்சு, என்னடி இது குளிர்பான விளம்பரமான்னு கேட்டேன், இரும்மான்னா. அப்புறம் ஒரு குளிர்காலத்துல அவன் தனியா அலையேறப் போறான், ஜெட் ஸ்கீ கவுந்து தத்தளிச்ச ஒருத்தரைக் காப்பாத்தப் போன இடத்துல அவனே போயிடறான். நெருப்புலேருந்து ஆளுங்களைத் தூக்கறவன் தண்ணியில போறான். அதுக்கப்புறம் அந்தப் பாட்டு படத்துல வர்றப்பல்லாம் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, அந்த ஜீரா எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

சரி, உங்க மொத கேள்வி. படத்துக்குள்ள மினாதோ நிஜம். ஆரம்பத்துல கிளாஸ் தண்ணியில, பாட்டில்ல அவ கண்ணுக்கு மட்டும் தெரியறான், மத்தவங்களுக்குத் தெரியல, அதனால ஒரு மணி நேரம் நம்மள ஊசலாட விடறாங்க. ஆனா கடைசியில அந்த வாணவேடிக்கைப் பசங்க பாழடைஞ்ச கட்டடத்துல திரும்ப நெருப்பைப் பத்த வச்சு ஹினாகோவும் மினாதோவோட தங்கச்சி யோகோவும் உள்ள மாட்டிக்கும்போது தண்ணி அந்தக் கட்டடம் மேலயே ஏறுது, அவங்க அலையில சறுக்கி இறங்கறாங்க. பிரமையா இருந்தா ரெண்டு பேரும் கருகியிருக்கணும். ஸோ கதைப்படி ஆவிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இதுக்கு மேல நான் சொல்லப்போறது என் வாசிப்பு, டைரக்டர் இப்படித்தான் நினைச்சாருன்னு சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு அந்தக் கிளைமாக்ஸ் பெருசா ஒட்டல. எனக்குப் பட்டதெல்லாம் அதுக்கு முன்னாடி வர்ற நடு அரை மணி நேரம், ஏன்னா அந்தப் பொண்ணுக்கு நடக்கறது ஆவின்னு ஒண்ணு இல்லாமலே நிறைய பேருக்கு நடக்கறது.

1971ல டெவி ரீஸ்னு வேல்ஸ் நாட்டு டாக்டர் ஒருத்தர் தன் ஏரியாவுல புருஷனையோ பொண்டாட்டியையோ இழந்த 293 பேர்கிட்ட உக்காந்து பேசி ஒரு கட்டுரை எழுதினாரு. அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு, போனவங்க பக்கத்துல இருக்கற மாதிரி உணர்வோ, குரலோ, உருவமோ, ஏதோ ஒண்ணு வந்திருக்கு. ரொம்ப பேருக்கு அது வந்தது பயமா இல்ல, ஆறுதலா இருந்திருக்கு. என்னை உலுக்கினது அதுல வர்ற இன்னொரு விஷயம், அவங்கள்ல கால்வாசிச் சொச்சம் பேர்தான் அதை யார்கிட்டயாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்காங்க. மிச்சப் பேர் பைத்தியம்னு நினைச்சுடுவாங்களோன்னோ என்னமோ மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருக்காங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல, வீட்ல ஒருத்தர் போயிட்டா 'அவரு குரல் ஏதாச்சும் கேக்குதா'ன்னு நானாவே மெதுவா கேப்பேன், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி பொலபொலன்னு கொட்டிடுவாங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம், மாடிப்படியில செருப்புச் சத்தம், குக்கர் விசில் நடுவுல 'ஏய்'னு கூப்பிடற சத்தம்.

ஜப்பான்லயே இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1969ல டோக்கியோவுல ரோட்டு விபத்துல புருஷனைப் பறிகொடுத்த 20 பொம்பளைங்ககிட்ட பேசினாங்க, 18 பேர் அவர் இன்னும் கூட இருக்கற மாதிரி இருக்குன்னாங்க, அதுக்காக யாரும் தனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு அலறல. அதுக்கு அந்தக் கட்டுரை சொல்ற காரணம் வீட்ல இருக்கற 'புத்சுதான்', அதாவது இறந்தவங்களுக்கான சின்ன பூஜை அலமாரி. போட்டோ இருக்கும், சாதம் வைப்பாங்க, குட்டி மணி ஒண்ணைத் தட்டிட்டு ஊதுவத்தி ஏத்தி இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவாங்க. நேரா போன் போடற ஹாட்லைன் மாதிரின்னு அந்தக் கட்டுரையிலயே ஒரு உவமை வரும். இதை வச்சுப் பாத்தா ஹினாகோ பாட்டுப் பாடறது அந்த மணியைத் தட்டற மாதிரிதான், கூப்பிட்டா வர்றான். தண்ணியும் அங்க சும்மா எடுத்த பொருள் இல்ல, ஆகஸ்ட் நடுவுல ஓபோன் நாட்கள்ல வீட்டுக்கு வந்துபோற முன்னோரைத் திருப்பி அனுப்ப பல ஊர்ல காகித விளக்கை ஆத்துலயும் கடல்லயும் மிதக்க விடுவாங்க. இறந்தவங்க தண்ணி வழியா போறது அவங்களுக்குப் பழக்கமான விஷயம். இன்னொண்ணு, ஒட்சுச்சின்னு ஒரு ஊர்ல சசாக்கின்னு ஒருத்தர் 2010ல இறந்துபோன தன் சொந்தக்காரர்கூட பேசறதுக்காக தோட்டத்துல ஒரு வெள்ளை டெலிபோன் பூத் வச்சாரு, உள்ள இருக்கற போன்ல ஒயர் கனெக்ஷனே கிடையாது, காத்து தொலைபேசின்னு பேரு. அடுத்த மார்ச்ல சுனாமி. அதுக்கப்புறம் எங்கெங்கேருந்தோ ஆளுங்க வந்து அதுல டயல் பண்ணிப் பேசிட்டுப் போறாங்க. உங்க ஒத்தை டிக்கைப் படிச்சதும் எனக்கு அந்த பூத்துதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

அப்ப இது மனநோயா? துக்கத்துல வர்ற இந்த மாதிரி அனுபவத்தை மட்டும் வச்சு மனநோய்னு சொல்ல மாட்டாங்க, இது இந்தத் துறையில ஓரளவு தீர்மானமான விஷயம். கோடு எங்க விழும்னா, அந்தக் குரல் உன்னையே அழிச்சுக்கோ, நீயும் வந்துடுன்னு கட்டளை போடுது, இல்ல அவரு சாகவே இல்ல எல்லாரும் சேர்ந்து மறைக்கறாங்கன்னு அடிச்சுப் பேசறாங்க, இல்ல அந்த இறந்தவர் மட்டுமில்லாம சம்பந்தமில்லாத குரல்கள் எல்லாம் வருது, வாரக்கணக்கா தூக்கம் சாப்பாடு போச்சுன்னா அது வேற, அன்னிக்கே சைக்யாட்ரிஸ்ட் கிட்ட கூட்டிட்டுப் போகணும். ஹினாகோவுக்கு அது எதுவுமில்ல. உங்களுக்கும் நீங்க எழுதின வரைக்கும் எதுவும் தெரியல, ஆனா நாலு வரியை வச்சு நான் உங்களுக்கு சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது, கொடுத்தா நீங்க நம்பவும் கூடாது.

ஆனா ஹினாகோவுக்கு ஒரு பிரச்சனை இருக்கு, அது வேற இடத்துல இருக்கு. அவ கடல் பக்கமே போறதில்ல. கடலுக்காகவே அந்த ஊருக்குக் குடி வந்த பொண்ணு! அதுக்குப் பதிலா ஒரு காத்தடிச்ச பெரிய பொம்மையை, ஸ்னாமேரின்னு அந்த ஊர்க் கடல்ல இருக்கற முதுகுத் துடுப்பில்லாத குட்டை டால்பின் மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள தண்ணியை ரொப்பி அவனை உள்ள வரவச்சு ரோட்ல கூட்டிட்டுப் போறா, அவன்கூட டேட்டிங். தியேட்டர்ல சிரிக்கற மாதிரி எடுத்திருப்பாங்க, என்னால சிரிக்க முடியல. எவ்ளோ கனம் இருக்கும் அது, தூக்கி சுமக்கறா. கடல் அளவு இருந்த வாழ்க்கை ஒரு பொம்மை அளவுக்கு வந்துடுச்சு. அவன் தெரியறது எனக்கு உறுத்தல, அவனுக்காக அவ எதையெல்லாம் விட்டுட்டான்னு பாத்தப்பதான் உறுத்துச்சு.

இந்த இடத்துல துக்கத்தைப் பத்தி ஊர்ல உலாவற ரெண்டு தப்பான நம்பிக்கையைச் சொல்லியே ஆகணும். ஒண்ணு, அந்த அஞ்சு கட்டம், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு எல்லா வாட்ஸ்அப் ஃபார்வர்டுலயும் வருமே. 1969ல எலிசபெத் குப்ளர் ராஸ் அதை எழுதினது சாகப்போற நோயாளிகளைப் பாத்து, அவங்களை இழந்தவங்களைப் பாத்து இல்ல, பின்னாடிதான் அதை எல்லாத்துக்கும் இழுத்துட்டாங்க, நிஜத்துல யாரும் அப்படி வரிசையா படியேறிப் போறதை நான் பாத்ததில்ல. இன்னொண்ணு, அறுத்துடணும், விட்டுடணும், மூவ் ஆன் ஆகணும்ங்கறது. 1917ல ஃப்ராய்ட் எழுதினதுலேருந்தே, போனவங்க மேல வச்ச பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கழட்டி எடுக்கறதுதான் துக்கத்தோட வேலைன்னு ரொம்ப காலம் நம்பினாங்க. 1996ல டென்னிஸ் கிளாஸும் கூட இருந்தவங்களும் அதைத் திருப்பிப் போட்டாங்க, நிறைய பேர் உறவை அறுக்கறதே இல்ல, வேற மாதிரி மாத்தி வச்சுக்கறாங்க, அப்படியே நல்லாவும் இருக்காங்கன்னு. கிளாஸ் இதுக்கு ஜப்பான் முன்னோர் வழிபாட்டைப் பத்தித் தனியாவே எழுதியிருக்காரு. 1999ல ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு பேர் இன்னும் எளிமையா ஒண்ணு சொன்னாங்க, துக்கப்படறவங்க ஊஞ்சல் மாதிரி, ஒரு நேரம் இழப்புல போய் உக்காருவாங்க, ஒரு நேரம் கேஸ் புக் பண்றது, வேலைக்குப் போறது, புதுசா ஒண்ணைக் கத்துக்கறதுன்னு இந்தப் பக்கம் வருவாங்க, ஆடிட்டே இருக்கறதுதான் ஆரோக்கியம், ஊஞ்சல் ஒரு பக்கமே நின்னுட்டாதான் கவலைப்படணும். என் அனுபவத்துக்கு மத்த எல்லாத்தையும்விட இது பொருந்தும்.

நாகப்பட்டினத்துல ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும், ரெண்டு பேரை அலை கொண்டுபோச்சு. தினமும் சாயந்திரம் தற்காலிகக் குடியிருப்புக்கு வெளிய கடலுக்கு முதுகைக் காட்டிதான் உக்காருவாங்க, எவ்ளோ வெயில் மூஞ்சியில அடிச்சாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க. பேசறது பூரா அவங்க வீட்டுக்காரர்கிட்ட, அதுவும் திட்டு, மண்ணெண்ணெய் வாங்க வரிசையில நின்னு என் காலு போச்சு நீ அங்க சொகமா கிடன்னு. என்கூட வந்த பையன் இவங்களைத்தான் மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்னான். எனக்கு அந்தத் திட்டு பயமா படல, முதுகுதான் பயமா இருந்துச்சு. பல மாசம் கழிச்சுப் போனப்ப பக்கவாட்டுல உக்காந்து கருவாடு காயப் போட்டுட்டிருந்தாங்க. என்னம்மா திரும்பி உக்காந்திருக்கீங்கன்னேன். காத்து மாறிடுச்சுல்ல, அந்தப் பக்கம் உக்காந்தா நாத்தம் மூஞ்சியில அடிக்குதுன்னாங்க. வீட்டுக்காரரைத் திட்டறதை அப்பவும் நிறுத்தல.

ஹினாகோ மேட்டருக்கு வர்றேன். அவ வயசுல வர்ற துக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, அதை இந்தப் படம் பெருசா வாய்விட்டுச் சொல்லல, ஆனா எல்லா சீன்லயும் இருக்கு. அவ யாரு அவனுக்கு? பொண்டாட்டி இல்ல, நிச்சயம்கூட ஆகல, பழகினது சில மாசம். சாவு வீட்ல அம்மாவுக்கு ஒரு இடம் இருக்கு, தங்கச்சிக்கு ஒரு இடம் இருக்கு, காதலிக்கு எந்த இடம்? 1989ல கென்னத் டோக்கான்னு ஒருத்தர் இதுக்கு ஒரு பேரே வச்சாரு, தமிழ்ல சொன்னா உரிமை மறுக்கப்பட்ட துக்கம். யாரும் வந்து கையைப் பிடிச்சுக்க மாட்டாங்க, ஆபீஸ்ல லீவு கிடைக்காது, சின்ன வயசு மறந்துடுவ, வேற நல்லவன் கிடைப்பான்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல இன்னும் மோசம், வீட்டுக்கே தெரியாத காதலா இருந்தா பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ரெண்டுங்க கூட்டத்தோட கூட்டமா போய்ப் பின் வரிசையில உக்காந்து சாப்பிட்டுட்டு வரணும், என்கிட்ட வந்த ஒரு பொண்ணு அதை அப்படியே சொன்னா, பாயாசம் வச்சாங்க அக்கா, குடிச்சேன்னு. இறந்தவரோட குடும்பத்துக்கு சடங்குன்னு ஒரு கைப்பிடி இருக்கு, ஜப்பான்ல ஏழு ஏழு நாளா 49 நாள் கணக்கு, நமக்கு பதினாறு, திதி, அமாவாசை. கைப்பிடி இல்லாதவங்க தாங்களா ஒண்ணைச் செஞ்சுக்கறாங்க. பாட்டு, பாட்டில் தண்ணி, குட்நைட். நீங்க ஃப்ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு மேல நான் கேக்கல, உங்களுக்குத் தோணினா இந்தப் பத்தியை உங்களுக்காக எழுதினதா எடுத்துக்கோங்க.

படத்தோட ரெண்டாவது பாதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. போனவங்களை நாம சாமி ஆக்கிடுவோம்ல, ஹினாகோவுக்கும் மினாதோ அப்படித்தான், எதைத் தொட்டாலும் கச்சிதமா செய்யறவன், தன்னால எதுவுமே முடியாது, அவன்தான் தன்னைக் காப்பாத்தினவன். ஆனா அவன் வீட்டுக்குப் போறப்பதான் தெரிய வருது, அவன் எதையும் பொறக்கும்போதே கத்துக்கிட்டு வரல, ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பச் சொதப்பி, பழகிப் பழகிப் பிடிச்சவன்னு. அதைவிட, சின்ன வயசுல அவன் கடல்ல மூழ்க இருந்தப்ப ஒரு பொண்ணு இழுத்துக் காப்பாத்தினா, அதனாலதான் அவன் ஆளுங்களைக் காப்பாத்தற வேலைக்கே போனான், அந்தப் பொண்ணு இவளேதான். கதையா பாத்தா கொஞ்சம் சினிமாத்தனம்தான், நம்ம மசாலாப் படத்துல வந்தா கிண்டல் பண்ணுவோம். ஆனா துக்கத்துல இருக்கற ஒருத்தருக்கு இது பெரிய திருப்பம், ஏன்னா அவர் இல்லாம நான் ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க எல்லாருமே கதையில தன் பங்கை மறந்துட்டவங்க. நான் செஷன்ல கேக்கற கேள்விகள்ல ஒண்ணு, அவர் உங்களுக்கு என்ன செஞ்சாருன்னு நிறைய சொல்லிட்டீங்க, நீங்க அவருக்கு என்னவா இருந்தீங்கன்னு. பெரும்பாலும் கொஞ்ச நேரம் முழிப்பாங்க.

பேரைக் கவனிச்சீங்களா, மினாதோன்னா ஜப்பானிய மொழியில துறைமுகம். படத்தோட ஜப்பானியப் பேரும் இங்கிலீஷ் பேர் மாதிரி இல்ல. 'கிமி தோ, நாமி நி நோரெதாரா', தமிழ்ல அச்சு அசலா சொல்லலாம், 'உன்னோட அலையில ஏற முடிஞ்சா'. அவ்ளோதான், முடிஞ்சா என்னன்னு சொல்லாம வாக்கியம் பாதியில நிக்குது. துக்கத்துல இருக்கறவங்க பேச்சு பூரா இந்த மாதிரி 'னா'வுல நிக்கற வாக்கியம்தான், அன்னிக்கு நான் போன் எடுத்திருந்தா, பைக்ல போகாதன்னு சொல்லியிருந்தா. இங்கிலீஷ் பேர் வேற ஆள் பேசற மாதிரி இருக்கு, உன் அலையில நீ ஏறுன்னு. படத்துக்குள்ள மினாதோ அவகிட்ட சொல்றதும் அதேதான், நீ உன் அலையில ஏறற வரைக்கும் கூட இருப்பேன்னு. மொதப் பேர்லேருந்து ரெண்டாவது பேருக்கு அவ எப்படி நகர்றாங்கறதுதான் எனக்குக் கதை.

கிளைமாக்ஸ் முடிஞ்சு அவன் மேல போயிடறான், அவ உயிர்காக்கும் லைஃப்கார்டு ஆகறதுன்னு இறங்கறா, கடலுக்கு வந்துட்டா, சுபம்னு எழுந்திருக்கப் போனேன். அப்பதான் அந்த கிறிஸ்துமஸ் சீன். சிபா போர்ட் டவர்ல, அவன் உயிரோட இருந்தப்ப போன வருஷம் அவளுக்காகக் கொடுத்து வச்சிருந்த ஒரு மெசேஜை ஒலிபெருக்கியில படிக்கறாங்க. அவ்ளோ நாளா ஓரளவு நிமிர்ந்து நின்ன பொண்ணு அங்க சுக்குநூறா உடைஞ்சு அழறா. என் பொண்ணு என்னம்மா எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சா திரும்ப அழறாளேன்னா. எனக்கு அந்த சீனுக்காகவே இந்தப் படத்தை எழுதினவங்க கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ஆவியா வந்தவன் அவ கூப்பிட்டு வந்தவன், இந்த மெசேஜ் அவ கூப்பிடாம வந்தது, உயிரோட இருந்த மினாதோ பேசறது, அடுத்த வருஷமும் கூட இருப்போம்னு நம்பிக்கிட்டிருந்த ஒருத்தன். அவன் நிஜமாவே இல்லைங்கறது அங்கதான் முழுசா இறங்குது. வேலைக்குப் போறா, சிரிக்கறா, அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு மொத நாள் மாதிரி அழறா, இது பின்னடைவு இல்ல, ஊஞ்சல். பொறந்த நாள், நினைவு நாள், பண்டிகை, பழைய பேங்க் எஸ்எம்எஸ், இதுல எது வேணா அப்படி வந்து அடிக்கும், உங்களுக்கும் வரும், முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இனி உங்க எட்டு மாசம். உலக சுகாதார நிறுவனத்தோட இப்போதைய வகைப்பாட்டுல நீடித்த துக்கக் கோளாறுன்னு ஒண்ணு சேத்திருக்காங்க, ஆறு மாசத்துக்கு மேலயும் ஏக்கம் தினமும் கொஞ்சமும் குறையாம, வேலை படிப்பு உறவு எல்லாத்தையும் முடக்கற அளவுக்கு இருந்தா. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு அதுக்கே ஒரு வருஷம் வரைக்கும் டைம் கொடுக்குது. ரெண்டு பெரிய அமைப்புக்கே கணக்கு ஒத்துப் போகலங்கறப்ப மாசத்தை எண்ணிப் பயப்படாதீங்க, முடங்கற பகுதியைத்தான் பாக்கணும், அதுவும் உங்க வீட்டு, உங்க சமூகத்து வழக்கத்துக்கு மீறி இருக்கான்னு பாக்கணும். குட்நைட் அனுப்பிட்டுத் தூக்கம் வருதா, இல்ல ரெண்டு டிக் விழுமான்னு விடிய விடிய ஸ்கிரீனைப் பாத்துட்டிருக்கீங்களா? காலையில எழுந்து போக ஏதாச்சும் இடம் இருக்கா? அவனைப் பத்தி உயிரோட இருக்கற ஒருத்தர்கிட்டயாவது பேசறீங்களா? தூக்கம் வருது, போறேன், பேசறேன்னா அந்த குட்நைட்டை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். இல்லன்னா, இல்ல அவன்கிட்டயே போயிடலாம்னு ஒரு தடவையாவது தோணுச்சுன்னா, என் பதிலை இத்தோட மூடி வச்சுட்டு 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

ஒரு நடைமுறை விஷயம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போன நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் யாரும் தொடலன்னா அழிஞ்சுடும். அதனால ஒரு நாள் ராத்திரி நீங்க அனுப்பின குட்நைட்டுக்கு திடீர்னு ரெண்டு டிக் விழலாம், நீலமாகூட ஆகலாம், 'ஹூ இஸ் திஸ்'னு பதில் வரலாம். என்கிட்ட வந்த ஒரு அப்பாவுக்கு அப்படி வந்துச்சு, மறு முனையில இருந்தது புது சிம் வாங்கின ஒரு காலேஜ் பையன், பாவம் அவனும் பயந்துட்டான். அந்தப் பழைய சாட்டை இன்னிக்கே எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல எடுத்து வச்சுக்கோங்க, வாய்ஸ் நோட்டெல்லாம் சேத்து. அவங்க வீட்ல யார்கூடவாவது பேசற பழக்கம் இருந்தா அந்த சிம் இன்னும் ஓடுதான்னு கேளுங்க, கேக்க முடியாத நிலைமைன்னா குட்நைட்டை வாட்ஸ்அப்ல உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கற அந்த சாட்டுக்கு மாத்திடுங்க, பேரு வேணா அவன் பேரையே எழுதி ஆரம்பிங்க.